இஸ்ரவேலின் தலைவர்களிடம் விசுவாசமும் கீழ்ப்படிதலும் கற்பது எப்படி: புதிதாக வேதம் வாசிப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பழைய ஏற்பாட்டை முதன்முதலாகக் கையில் எடுக்கிறவர்களில் பலர் ஆதியாகமத்தை ஆர்வமாக முடித்து, யாத்திராகமத்தில் செங்கடலையும் கடந்து, ஆசரிப்புக் கூடாரத்தின் முழக்கணக்கு வருகிற இடத்தில் நின்றுவிடுகிறார்கள். அவர்கள்மேல் குற்றம் இல்லை. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வரிசையாகத்தான் வாசிக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் கிடையாது. இஸ்ரவேலை நடத்தியவர்களின் வாழ்க்கையிலிருந்து விசுவாசத்தையும் கீழ்ப்படிதலையும் கற்க விரும்பினால் அதற்கு நேரான பாதை ஒன்று உண்டு. அந்தப் பாதையைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் தலைவர்களை "நல்லவர்", "கெட்டவர்" என்று இரண்டு வரிசையில் நிறுத்தி வாசித்தால் எதுவும் கிடைக்காது. கர்த்தர் அவர்களுக்கு என்ன சொன்னார், அவர்கள் என்ன செய்தார்கள், இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்த நாட்களில் அவர்கள் உள்ளம் எங்கே போனது என்று பார்க்க வேண்டும். விசுவாசம் அந்த இடைப்பட்ட நாட்களில்தான் தெரியும்.

தொடங்கும் முன்

ஒரு வேதாகமம், கோடு போட்ட ஒரு நோட்டு, வேதாகமத்தின் பின்பக்கத்தில் இருக்கும் வரைபடம். இவ்வளவு போதும். தமிழில் பெரும்பாலான சீர்திருத்த சபைகளில் பழைய திருப்புதலும், கத்தோலிக்க சபையில் 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பும் புழக்கத்தில் இருக்கின்றன. இரண்டிலும் புத்தகங்களின் பெயர்கள் மாறும். பழைய திருப்புதலில் நியாயாதிபதிகள், இராஜாக்கள், நாளாகமம் என்று இருப்பவை, பொது மொழிபெயர்ப்பில் நீதித் தலைவர்கள், அரசர்கள், குறிப்பேடு என்று இருக்கும். இங்கே பழைய திருப்புதலின் பெயர்களையே பயன்படுத்துகிறேன்.

காலவரிசை மனதில் இருந்தால் வாசிப்பு எளிதாகும். தாவீது ஏறக்குறைய கி.மு. 1000-ஐ ஒட்டியவர். சாலொமோனுக்குப் பின், கி.மு. 930-ஐ ஒட்டி, ராஜ்யம் இரண்டாகப் பிரிந்தது. வடக்கே இஸ்ரவேலின் தலைநகரான சமாரியா கி.மு. 722-ஐ ஒட்டி அசீரியரிடம் விழுந்தது. தெற்கே யூதாவின் எருசலேம் கி.மு. 586-ஐ ஒட்டிப் பாபிலோனியரிடம் விழுந்தது. நெகேமியா எருசலேமுக்கு வந்தது கி.மு. 445-இல். இதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: ஏழு வசனங்களைக் கையால் எழுதுங்கள்

உபாகமம் 17-ஆம் அதிகாரம், 14 முதல் 20 வரை. இஸ்ரவேலுக்கு ராஜா என்று ஒருவன் வருவதற்கு வெகுகாலம் முன்னரே அவனுக்கான சட்டம் இங்கே எழுதப்பட்டிருக்கிறது. அவன் குதிரைகளைப் பெருகப்பண்ணக் கூடாது. மனைவிகளைப் பெருகப்பண்ணக் கூடாது. வெள்ளியையும் பொன்னையும் மிகுதியாகச் சேர்க்கக் கூடாது. சிங்காசனத்தில் அமர்ந்ததும் நியாயப்பிரமாணத்துக்குத் தனக்கென்று ஒரு பிரதி எழுதி, உயிரோடிருக்கும் நாளெல்லாம் அதை வாசிக்க வேண்டும். அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று, அவன் இருதயம் தன் சகோதரர்மேல் மேட்டிமைகொள்ளாமல் இருக்க வேண்டும் என்பது.

ராஜாவுக்குச் சொன்னதை நீங்களும் ஒருமுறை செய்து பாருங்கள். கையால் எழுதும்போது கண் தாண்டிப்போன சொற்கள் நிற்கும். எழுதி முடித்ததும் 1 இராஜாக்கள் 10, 11-ஆம் அதிகாரங்களுக்குப் போங்கள். சாலொமோன் எகிப்திலிருந்து குதிரைகளை வரவழைக்கிறான். எருசலேமில் வெள்ளியைக் கற்களைப்போல ஆக்குகிறான். 700 மனைவிகளும் 300 மறுமனையாட்டிகளும் அவனுக்கு இருக்கிறார்கள். மூன்று விலக்குகளும் ஒன்று விடாமல் மீறப்படுகின்றன. குதிரையையும் வெள்ளியையும் பற்றி எழுதுகிறவர் "இது தவறு" என்று ஒரு சொல்கூடச் சொல்வதில்லை; ராஜாவின் சீரும் சிறப்புமாகவே அவை வருகின்றன. உபாகமத்தை எழுதிவைத்திருக்கிற வாசகனுக்கு மட்டும் அந்தப் பக்கம் வேறு விதமாகத் தெரியும்.

கீழ்ப்படிதல் என்றால் தலைவருக்கு மக்கள் கீழ்ப்படிவது என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கும் இந்த ஏழு வசனங்கள் அவசியம். இஸ்ரவேலில் முதலில் கீழ்ப்படிய வேண்டியவன் தலைவன். நாத்தான் தீர்க்கதரிசி தாவீதின் முகத்துக்கு நேராகவே "நீயே அந்த மனுஷன்" என்று சொல்ல முடிந்தது அதனால்தான். தனக்குக் கீழ்ப்படிவதைத் தேவனுக்குக் கீழ்ப்படிவதாகக் காட்டி யாராவது உங்களிடம் பேசினால், இந்த அதிகாரத்தை அவர்கள் முன் திறந்துவையுங்கள்.

இரண்டாம் படி: சவுலிடம் தொடங்குங்கள்

பொதுவாகத் தாவீதிடம்தான் தொடங்கச் சொல்வார்கள். நான் இஸ்ரவேலின் முதல் ராஜாவான சவுலைச் சொல்கிறேன். 1 சாமுவேல் 8 முதல் 15 வரை. கீழ்ப்படிதல் எப்படித் தேய்கிறது என்பதை இவ்வளவு பொறுமையாகக் காட்டுகிற பகுதி வேதத்தில் வேறு இல்லை என்பது என் எண்ணம்.

நோட்டில் ஒரு பக்கத்தை நடுவில் கோடிட்டு, இடது பக்கம் "சொன்னது", வலது பக்கம் "செய்தது" என்று எழுதுங்கள். 10:8-இல் சாமுவேல் தீர்க்கதரிசி சவுலிடம் சொல்வதை இடது பக்கம் எழுதுங்கள்: கில்காலுக்குப் போ, நான் வந்து என்ன செய்ய வேண்டும் என்று அறிவிக்கும்வரை ஏழு நாள் காத்திரு. பிறகு 13-ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். இஸ்ரவேலின் எதிரிகளான பெலிஸ்தர் மிக்மாசில் பாளயமிறங்கியிருக்கிறார்கள். சவுலின் ஆட்கள் குகைகளிலும் முட்காடுகளிலும் ஒளிகிறார்கள். அந்த யுத்தநாளில் சவுலையும் அவன் மகன் யோனத்தானையும் தவிர வேறு யார் கையிலும் பட்டயமும் ஈட்டியும் இல்லை. சவுல் ஏழு நாளும் காத்திருக்கிறான். சாமுவேல் வரவில்லை. ஜனங்கள் சிதறுகிறார்கள். சவுல் தானே தகனபலியிடுகிறான். செலுத்தி முடிக்கும்போது சாமுவேல் வந்து நிற்கிறார். எண்ணிப் பார்த்தால் மீதி 600 பேர்.

இந்த இடத்தில் சவுல்மேல் இரக்கம் வராவிட்டால் நீங்கள் வேகமாக வாசித்துவிட்டீர்கள் என்று பொருள். திரும்பப் போய் மெதுவாக வாசியுங்கள். அவன் செய்தது சிலைவணக்கம் அல்ல, பலிதான். பக்தியான காரியம்தான். காத்திருக்கச் சொன்ன இடத்தில் காத்திருக்க முடியாமல்போன மனுஷன் அவன். நம்மில் எத்தனை பேர் அந்த ஏழாம் நாள் சாயங்காலத்தைத் தாண்டியிருப்போம்?

அடுத்து 14-ஆம் அதிகாரம். அதே யுத்தம், அதே குடும்பம். யோனத்தான் தன் ஆயுததாரியை மட்டும் கூட்டிக்கொண்டு பெலிஸ்தரின் தாணையத்துக்கு, அதாவது காவல்படைக்கு, எதிராக ஏறுகிறான். அநேகரைக்கொண்டோ கொஞ்சம் பேரைக்கொண்டோ இரட்சிக்கக் கர்த்தருக்குத் தடையில்லை என்கிறான். ஒருவேளை கர்த்தர் நமக்காக ஒரு காரியம் செய்வார் என்றும் சொல்கிறான். வெற்றி நிச்சயம் என்று அவன் எங்கும் சொல்லவில்லை. விசுவாசம் என்றால் சந்தேகமே இல்லாத உறுதி என்று நினைத்துத் தங்களை வருத்திக்கொள்கிறவர்கள் யோனத்தானோடு கொஞ்ச நேரம் இருக்க வேண்டும்.

15-ஆம் அதிகாரத்தில் நோட்டின் இரண்டு பக்கங்களும் முழுதாகப் பிரிந்துவிடுகின்றன. அமலேக்கியருக்கு எதிரான யுத்தத்தில், எதையும் தப்பவிடாதே என்ற கட்டளைக்கு மாறாக, சவுல் அவர்களுடைய ராஜாவாகிய ஆகாகையும் ஆடுமாடுகளில் முதல்தரமானவற்றையும் தப்பவிடுகிறான். தனக்கு ஒரு ஜெயஸ்தம்பமும் நாட்டுகிறான். சாமுவேல் வந்ததும், கேட்பதற்கு முன்னமே, கர்த்தருடைய வார்த்தையை நிறைவேற்றினேன் என்கிறான். ஆடுகளின் சத்தம் கேட்கிறது. உடனே, ஜனங்கள்தான் தப்பவைத்தார்கள் என்கிறான். பிறகு, உம்முடைய தேவனாகிய கர்த்தருக்குப் பலியிடத்தான் என்கிறான். "உம்முடைய தேவன்" என்று அந்த அதிகாரத்தில் மூன்று முறை சொல்கிறான். வசனங்கள் 15, 21, 30-இன் கீழ் கோடிடுங்கள். "பலியைப்பார்க்கிலும் கீழ்ப்படிதலும், ஆட்டுக்கடாக்களின் நிணத்தைப்பார்க்கிலும் செவிகொடுத்தலும் உத்தமம்" என்று சாமுவேல் சொல்வது இங்கேதான். பாவம் செய்தேன் என்று ஒப்புக்கொண்ட பிறகும், மூப்பர்கள் முன் என்னைக் கனப்படுத்தும் என்றுதான் சவுல் கேட்கிறான்.

இதற்கு எதிர்ப்பக்கமாக 2 சாமுவேல் 12-ஐ வாசியுங்கள். தாவீது செய்தது விபசாரமும் கொலையும். சவுலின் குற்றத்தைவிடச் சிறியது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் நாத்தானிடம் அவன் யாரையும் கைகாட்டவில்லை. ஒரே வாக்கியத்தில் ஒப்புக்கொள்கிறான். அதன் விளைவுகளைச் சாகும்வரை சுமக்கவும் செய்கிறான்.

மூன்றாம் படி: கிதியோனைக் கடைசிவரை வாசியுங்கள்

நியாயாதிபதிகள் 6, 7, 8. பாதியில் நிறுத்தினால் தவறான பாடம் கிடைக்கும் என்பதால்தான் "கடைசிவரை" என்கிறேன்.

இஸ்ரவேலை ஒடுக்கிய மீதியானியருக்குப் பயந்து, திராட்சை ஆலைக்குள் ஒளிந்து கோதுமையைப் போரடிக்கிறவன் கிதியோன். அவனைத்தான் தூதன் பராக்கிரமசாலியே என்று அழைக்கிறார். அவனுக்குக் கிடைத்த முதல் வேலை போர்க்களத்தில் இல்லை. தன் தகப்பன் வைத்திருந்த, பாகால் என்னும் அந்நிய தெய்வத்தின் பலிபீடத்தை இடிப்பதுதான் அது. வீட்டாருக்கும் ஊராருக்கும் பயந்து, வேலைக்காரரில் 10 பேரைக் கூட்டிக்கொண்டு, ராத்திரியிலே இடிக்கிறான். பயத்தோடு செய்த அந்தக் கீழ்ப்படிதலை வேதம் எங்கும் குறைத்துப் பேசவில்லை. தொடங்குகிறவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

பிறகு, அடையாளம் கேட்டுக் கிதியோன் களத்தில் போட்ட ஆட்டுத்தோல். பனி தோலின்மேல் மட்டும், அடுத்த நாள் தரையின்மேல் மட்டும். தேவசித்தத்தை அறிய இதையே ஒரு முறையாக எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. 6:14-க்குத் திரும்பிப் பாருங்கள். போ என்று கர்த்தர் ஏற்கெனவே சொல்லிவிட்டார். தோலைப் போடும்போதும் "நீர் சொன்னபடி" என்றுதான் கிதியோனே பேசுகிறான். அவனுக்குத் தெரியாத ஒன்று தோலின்மூலம் தெரியவரவில்லை. தெரிந்ததைச் செய்யத் துணிவு இல்லாதபோது தேவன் அவனுக்காகப் பொறுத்துக்கொண்டார். அவருடைய பொறுமையை நாம் நடைமுறைச் சட்டமாக்கக் கூடாது.

அப்புறம் 32,000 பேர். பயப்படுகிறவர்கள் திரும்பிப் போகலாம் என்றதும் 22,000 பேர் போய்விடுகிறார்கள். மிஞ்சிய 10,000 பேரில் தண்ணீர் குடிக்கும் இடத்தில் 300 பேர் பிரிக்கப்படுகிறார்கள். என் கை என்னை இரட்சித்தது என்று இஸ்ரவேல் வீம்பு பேசாதபடிக்கு என்ற காரணம் 7:2-இல் இருக்கிறது. அதைத் தனியாக எழுதிவையுங்கள், ஏனென்றால் எட்டாம் அதிகாரத்தில் அது தேவைப்படும்.

வெற்றிக்குப் பின் எங்களை ஆளும் என்று மக்கள் கேட்கிறார்கள். நான் உங்களை ஆளமாட்டேன், கர்த்தரே உங்களை ஆளுவாராக என்கிறான் கிதியோன். பல பிரசங்கங்கள் இங்கே முடிந்துவிடும். அடுத்த வசனங்களில் அவன் கொள்ளையடித்த கடுக்கன்களைக் கேட்டு வாங்குகிறான். 1,700 சேக்கல் பொன், ஏறக்குறைய 19 கிலோ. அதில் ஆசாரியர் அணிகிற மேலாடையான ஏபோத் ஒன்றைச் செய்து ஒப்ராவில் வைக்கிறான். இஸ்ரவேலர் அதைப் பின்பற்றிச் சோரம்போகிறார்கள். அது கிதியோனுக்கும் அவன் வீட்டாருக்கும் கண்ணியாகிறது. ஒரு பலிபீடத்தை இடித்துத் தொடங்கியவன் இன்னொன்றை வைத்துவிட்டுப் போகிறான்.

நேரம் இருந்தால் 4, 5-ஆம் அதிகாரங்களில் தெபொராளையும் பாராக்கையும் சேர்த்து வாசித்துவிடுங்கள். நீ வந்தால் போவேன், வராவிட்டால் போகமாட்டேன் என்று பாராக் சொல்வதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: யோசுவாவும் கடினமான பக்கங்களும்

எரிகோவில் சொன்னதும் செய்ததும் ஒன்றாகவே இருக்கின்றன. பட்டணத்தைச் சுற்றி ஆறு நாள் தினம் ஒரு சுற்று, ஏழாம் நாள் ஏழு சுற்று, மொத்தம் 13. நடுவில் யாரும் வாய் திறக்கக் கூடாது. நோட்டில் இதை எழுத அதிக நேரம் ஆகாது. நிதானிக்க வேண்டிய இடம் யோசுவா புத்தகத்தின் 9-ஆம் அதிகாரம். பூசணம் பூத்த அப்பத்தையும் கிழிந்த திராட்சரசத் துருத்திகளையும் காட்டி, தூரதேசத்தார் என்று கிபியோனியர் ஏமாற்றுகிறார்கள். கர்த்தருடைய வாக்கைக் கேளாமல், அவர்களை உயிரோடு விடுவதாகத் தலைவர்கள் ஆணையிட்டுவிட்டார்கள் என்று 14, 15-ஆம் வசனங்கள் சொல்கின்றன. மூன்று நாளில் உண்மை தெரிகிறது. ஆனாலும் யோசுவா ஆணையை முறிக்கவில்லை. அடுத்த அதிகாரத்தில் அதே கிபியோனியருக்காகவே இரவெல்லாம் நடந்து போருக்குப் போகிறான். பல தலைமுறைக்குப் பின் சவுல் அந்த ஆணையை மீறி கிபியோனியரைக் கொன்றதும், அதனால் தாவீதின் நாட்களில் மூன்று வருஷம் பஞ்சம் வந்ததும் 2 சாமுவேல் 21-இல் இருக்கிறது. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள்.

எரிகோ, ஆயி, அமலேக்கு ஆகியவற்றில் எல்லாரையும் கொல்லும்படி வருகிற கட்டளைகள் உங்களைத் தொந்தரவு செய்யும். செய்யத்தான் வேண்டும். அவற்றைத் தாண்டிக் குதிக்காதீர்கள், அவசரமாக நியாயப்படுத்தவும் வேண்டாம். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு, வேதத்தை நன்றாக அறிந்த ஒருவரிடம் கொண்டுபோங்கள். விசுவாசிகளே இதற்கு ஒரே பதிலைச் சொல்வதில்லை. இரண்டு காரியங்கள் மட்டும் என் பங்குக்கு. எரிகோவில் தப்பியவள் கானானிய வேசியான ராகாப். ஆயியில் தோல்விக்குக் காரணமானவன் யூதா கோத்திரத்தானாகிய ஆகான். கோடு இரத்தத்தின்படி போடப்படவில்லை. மேலும் 5-ஆம் அதிகாரத்தின் முடிவில், நீர் எங்களைச் சேர்ந்தவரோ எங்கள் சத்துருக்களைச் சேர்ந்தவரோ என்று யோசுவா கேட்டபோது, உருவின பட்டயத்தோடு நின்றவர் சொன்ன பதில் "அல்ல" என்பது. அந்தக் காலத்துக்கான ஒரு கட்டளையைத் தன் பகைக்கு ஆதாரமாக எடுக்கிற எவனும் அந்தப் பதிலைக் கேட்காதவன்.

ஐந்தாம் படி: ஒரே சம்பவத்தை மூன்று இடங்களில் வாசியுங்கள்

யூதாவின் ராஜாவான எசேக்கியாவின் வரலாறு 2 இராஜாக்கள் 18 முதல் 20 வரையிலும், ஏசாயா 36 முதல் 39 வரையிலும், 2 நாளாகமம் 29 முதல் 32 வரையிலும் இருக்கிறது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கப் பழகினால் வேதவாசிப்பில் நீங்கள் ஒரு பெரிய படியைத் தாண்டிவிட்டீர்கள்.

கி.மு. 701-இல் அசீரிய ராஜாவாகிய சனகெரிப் யூதாவின்மேல் வருகிறான். இது வேதத்தில் மட்டும் இல்லை. அரணான 46 பட்டணங்களைப் பிடித்ததாகவும், எசேக்கியாவைக் கூண்டுப் பறவையைப்போல எருசலேமில் அடைத்ததாகவும் சனகெரிப்பின் களிமண் சாசனமே சொல்கிறது. எருசலேமைப் பிடித்ததாக மட்டும் அதில் இல்லை. லாகீசின் முற்றுகையைக் காட்டும் கல்சிற்பங்கள் நினிவேயின் அரண்மனையிலிருந்து எடுக்கப்பட்டு லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. எசேக்கியாவினுடையதாகக் கருதப்படும் சுரங்கக் கால்வாய் ஏறக்குறைய 533 மீட்டர் நீளம்; இன்றும் எருசலேமில் அதற்குள் தண்ணீரில் நடந்து போகலாம். இரு முனையிலிருந்தும் கல்லை வெட்டி வந்தவர்கள் நடுவில் சந்தித்ததைச் சொல்லும் கல்வெட்டு 1880-இல் கண்டெடுக்கப்பட்டது. இப்போது இஸ்தான்புல்லில் இருக்கிறது.

இப்போது நோட்டுக்கு வாருங்கள். 2 இராஜாக்கள் 18:14-இல் எசேக்கியா முதலில் செய்வது பணம் கட்டுவது. 300 தாலந்து வெள்ளி, 30 தாலந்து பொன். ஆலயக் கதவுகளின் பொன் தகட்டையே கழற்றிக் கொடுக்கிறான். அசீரியர் போகவில்லை. அதன்பிறகுதான், 19-ஆம் அதிகாரத்தில், சனகெரிப்பின் நிருபத்தைக் கர்த்தருடைய ஆலயத்தில் விரித்துவைத்து ஜெபிக்கிறான். நாளாகமத்தில் அந்தப் பணம் கட்டிய செய்தியே இல்லை. ஏசாயா 22:11 இன்னொரு கோணத்தைத் தருகிறது: தண்ணீருக்கு ஏற்பாடு செய்தீர்கள், அதைச் செய்தவரை நோக்கவில்லை என்று எருசலேமைத் தீர்க்கதரிசி கடிந்துகொள்கிறார். கால்வாய் வெட்டியது தவறு என்று அவர் சொல்லவில்லை. முன்னேற்பாடும் விசுவாசமும் ஒன்றுக்கொன்று பகை என்று நினைக்கிறவர்களும், முன்னேற்பாடே போதும் என்று நினைக்கிறவர்களும் இந்த ஒரு வசனத்தில் நின்று யோசிக்க வேண்டும்.

ஆறாம் படி: பலனை வைத்து அளக்காதீர்கள்

எண்ணாகமம் 20. கன்மலையைப் பார்த்துப் பேசு என்பது கட்டளை. மோசே கோலால் இரண்டு தரம் அடிக்கிறார். தண்ணீர் ஏராளமாகப் புறப்படுகிறது. மக்களும் மிருகங்களும் குடிக்கின்றன. அன்று அங்கே இருந்த எவருக்கும் அது மாபெரும் வெற்றியாகத்தான் தெரிந்திருக்கும். ஆனால் அந்த நாளின் காரணமாகவே மோசே வாக்குத்தத்த தேசத்துக்குள் போகவில்லை. கூட்டம் பெருகுகிறது, காரியம் வாய்க்கிறது என்பதால் கீழ்ப்படிதல் நடந்துவிட்டது என்று சொல்ல முடியாது.

மறுபக்கம் யோசியா. எட்டு வயதில் ராஜாவானவன். அவனுடைய 18-ஆம் வருஷத்தில் இல்க்கியா என்னும் பிரதான ஆசாரியன் ஆலயத்தில் நியாயப்பிரமாண புஸ்தகத்தைக் கண்டெடுக்கிறான். ராஜாவின் எழுத்தனான சாப்பான் அதை வாசிக்கக் கேட்டதும் யோசியா தன் வஸ்திரங்களைக் கிழித்துக்கொள்கிறான். உல்தாள் என்னும் தீர்க்கதரிசியிடம் ஆள் அனுப்புகிறான். யூதா முழுவதும் சுத்திகரிப்பு நடக்கிறது. இப்படிப்பட்டவன் கி.மு. 609-இல் மெகிதோவில், எகிப்தின் பார்வோன்நேகோவுக்கு எதிரே போய் மடிகிறான். இருபத்துச் சொச்சம் வருஷத்தில் எருசலேமும் விழுகிறது. நேகோவின் மூலம் வந்த தேவவார்த்தைக்கு அவன் செவிகொடுக்கவில்லை என்று 2 நாளாகமம் 35:22 சொல்கிறது. 2 இராஜாக்களில் அந்த விளக்கமும் இல்லை. கீழ்ப்படிந்தால் நீண்ட ஆயுசும் சுகமும் நிச்சயம் என்று உங்களுக்கு யாராவது கணக்குப் போட்டுக் கொடுத்தால், யோசியாவை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: நெகேமியாவோடு உங்கள் நாட்களுக்கு வாருங்கள்

நெகேமியா ராஜாவோ தீர்க்கதரிசியோ அல்ல. பெர்சிய ராஜாவின் சூசான் அரண்மனையில் பானபாத்திரக்காரன், உத்தியோகத்தில் இருந்தவன். நம்மில் பலருக்கு மிக அருகில் இருப்பவன் அவன்தான். எருசலேமின் அலங்கம், அதாவது மதில், இடிந்துகிடக்கிற செய்தியைக் கேட்டது கிஸ்லேயு மாதத்தில். ராஜாவிடம் பேசியது நிசானில். நடுவில் ஏறக்குறைய நான்கு மாதம் உபவாசமும் ஜெபமும். அலங்கம் கட்டி முடிந்தது 52 நாளில். இந்த இரண்டு எண்களையும் சேர்த்து எழுதுங்கள்.

ஆனால் ஐந்தாம் அதிகாரத்தில்தான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன். வேலை மும்முரமாக நடக்கும்போதே, சகோதரரிடம் வட்டி வாங்கி அவர்கள் பிள்ளைகளை அடிமைப்படுத்துகிற பிரபுக்கள் இருக்கிறார்கள் என்று தெரியவருகிறது. நெகேமியா அந்தப் பிரச்சினையைக் கையில் எடுக்கிறான். நானும் என் ஊழியக்காரரும் கடன் கொடுத்திருக்கிறோம், அந்த வட்டியை விட்டுவிடுவோம் என்று தன்னையும் சேர்த்துச் சொல்கிறான். 12 வருஷம் அதிபதிக்குரிய படியையும் அவன் வாங்கவில்லை.

இதை வாசித்த வாரத்தில் ஒரு காரியம் செய்யுங்கள். செய்ய வேண்டும் என்று ஏற்கெனவே தெளிவாகத் தெரிந்து, தள்ளிப்போட்டுவந்த ஒன்றை மட்டும் நோட்டில் "சொன்னது" பக்கம் எழுதுங்கள். திருப்பிக் கொடுக்காத கடன், பேசாமல் விட்டுவிட்ட சகோதரன், வீட்டு வேலைக்கு வருகிறவருக்குத் தராத கூலி, எதுவானாலும் சரி. புதிய வெளிப்பாட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். கிதியோனுக்கும் முதல் வேலை சொந்த வீட்டில்தான் இருந்தது. "செய்தது" பக்கத்தை, செய்த அன்று தேதியோடு நிரப்புங்கள். பயந்துகொண்டு செய்தால் அதையும் எழுதுங்கள்.

நெகேமியாவின் 13-ஆம் அதிகாரத்தை விட்டுவிடாதீர்கள். அவன் ராஜாவிடம் போய்த் திரும்பி வருவதற்குள், எதிரியாயிருந்த தொபியாவுக்கு ஆலயத்திலேயே ஒரு அறை கொடுத்திருக்கிறார்கள், ஓய்வுநாளில் மீன் விற்பனை நடக்கிறது. எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டியிருக்கிறது. ஒருமுறை சரிசெய்தது அப்படியே நிற்கும் என்று இந்தப் புத்தகம் எங்கும் சொல்லவில்லை.

இவ்வளவும் முடிந்தபின் எபிரெயர் 11-ஐத் திறந்து, உங்கள் நோட்டோடு ஒப்பிடுங்கள். 32-ஆம் வசனத்தில் கிதியோன் இருக்கிறான், பாராக் இருக்கிறான், தாவீதும் சாமுவேலும் இருக்கிறார்கள். சவுல் இல்லை. எரிகோவின் மதில்கள் அங்கே இருக்கின்றன, ராகாப் பெயரோடு இருக்கிறாள், யோசுவாவின் பெயர் இல்லை. சிம்சோனும் யெப்தாவும் எப்படி அந்த வரிசையில் வந்தார்கள் என்ற கேள்வி உங்களுக்கு வரும். அடுத்து வாசிக்க வேண்டியது அவர்கள் இருவரையும்தான்: நியாயாதிபதிகள் 11 முதல் 16 வரை. அதைத் தனியாக வாசிக்காமல், கூட ஒருவரை உட்காரவைத்துக்கொண்டு வாசியுங்கள்.